குறும்பாதையும் பெருஞ்சுமையும்

ஒரு நாட்டின் புகையிரதப் பாதைகளை வரைபடத்தில் நோக்குவோர்க்கு அந்நாட்டின் பொருளாதார வரலாற்றிற் பாதி விளங்கிவிடும். கோடு எங்கே தொடங்குகிறது, எந்த ஊரைத் தொடுகிறது, எந்த ஊரை விட்டுவிடுகிறது, எந்தத் துறைமுகத்தில் முடிகிறது என்பன யாவும் அக்கோடு யாருடைய நலனுக்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகின்றன. மற்றப் பாதி விளங்கவேண்டுமாயின், அக்கோட்டின்மேல் எதனை, எதனால், யார் இழுத்தார்கள் என்று நாம் கேட்டல் வேண்டும்.

கொழும்பிலே வாழும் தமிழ் வாசகர்க்கு இக்கேள்வி தொலைவானதன்று. வெள்ளவத்தையில் இருப்போர்க்குப் புகையிரதம் என்றவுடன் கடற்கரையோரமாகச் செல்லும் பாதையே மனக்கண்ணில் தோன்றும். கொட்டாஞ்சேனையில் இருப்போர்க்குத் துறைமுகமும் அதனோடு இணைந்த பண்டசாலைகளும் தோன்றும். இவ்விரண்டுக்கும் அப்பால், மருதானையிலிருந்து பிரிந்து, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை என வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு கிழக்கே செல்லும் பாதையொன்று உண்டு. அதுவே களனிப் பள்ளத்தாக்குப் பாதை. இன்று அது மற்றப் பாதைகளைப் போன்றே அகலமானது. ஆயினும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அது 762 மில்லிமீற்றர் அகலமேயுடைய குறும்பாதையாக இருந்தது. அக்குறும்பாதையிலே பெருஞ்சுமை இழுத்த நீராவி இயந்திரங்களையும், அவ்வியந்திரங்களின் பின்னாலிருந்த மனிதரையும் பற்றியே இங்கு நோக்கவிருக்கின்றோம்.

சிக்கனம் யாருக்கு?

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867இற் பாதை கண்டியை அடைந்தது. கோப்பித் தோட்டத் துரைமாரின் வற்புறுத்தலின் விளைவே அப்பாதை. மலையிலிருந்து கோப்பி மூடைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருதலே அதன் முதல் நோக்கம். மக்களின் பயணம் அதன் பின்னர் வந்து சேர்ந்த பயன். கோப்பிச் செடியை இலைநோய் அழித்த பின்னர் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோடு பாதையும் மலை மேல் ஏறியது. இப்பாதைகளெல்லாம் 1676 மில்லிமீற்றர் அகலமுடையவை. இந்தியப் பெருநிலத்தின் அகலப்பாதையும் இதே அளவினதே.

களனி ஆற்றின் மேற்பகுதியில், அவிசாவளை, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லைப் பகுதிகளிலே, தேயிலையும் அதன்பின் இறப்பரும் பரவியபோது அங்கும் போக்குவரத்துப் பிரச்சினை எழுந்தது. அதுவரை அப்பகுதியின் சரக்கைச் சுமந்தவை இரண்டு: ஒன்று, ஆற்றோடு வரும் தட்டையான அடியுடைய படகுகள், மற்றொன்று, மாட்டுவண்டிகள். ஆற்றில் வெள்ளம் வந்தாற் படகு நிற்கும், மழைக்காலத்திலே தெரு சேறாகும், மாடு நோயுறும். சந்தையில் விலை ஏறும் வேளையிற் சரக்குக் கொழும்பை அடையாவிடின் இலாபம் குறையும். ஆகவே, தோட்டத்துரைமார் புகையிரதம் கேட்டனர். அரசாங்கம் இணங்கிற்று; ஆனால் அகலப்பாதை போட இணங்கவில்லை. 1900ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய பாதை, 1902இல் அவிசாவளையையும் 1903இல் எட்டியாந்தோட்டையையும் அடைந்தது. 1912இல் மற்றொரு கிளை இரத்தினபுரியை அடைந்து, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. இதே அகலத்திலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கும் ஒரு பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளிற் போடப்பட்டது.

குறும்பாதைத் தத்துவம் அக்காலத்துப் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் பொறியியற் சிந்தனையில் முக்கிய இடம் பெற்றிருந்தது. எவரார்ட் கால்த்ரோப் என்னும் பொறியியலாளர் மராட்டிய நாட்டிலே பார்சி என்ற இடத்தில் 1897ஆம் ஆண்டு திறந்த இலேசுப் புகையிரதம் இதே 762 மில்லிமீற்றர் அகலமுடையதே. ஓர் அச்சின்மேல் ஐந்து தொன்னுக்கு மேற் பாரம் விழாதபடி இயந்திரத்தையும் பெட்டிகளையும் அமைத்தால், மெல்லிய தண்டவாளமே போதும்; மெல்லிய தண்டவாளம் போதுமாயின் கட்டையும் கல்லும் மண்வேலையும் குறையும் என்பது அவரது கணக்கு. வளைவுகளைக் கூர்மையாக அமைக்கலாம். ஆதலால் மலையைக் குடையாமற் சுற்றிச் செல்லலாம். பொறியியல் நோக்கில் இக்கணக்கிற் பிழை காண்பது அரிது.

எனினும் ஒரு கேள்வியை நாம் கேட்டேயாகவேண்டும். இந்தச் சிக்கனம் யாருக்குச் சிக்கனம்? பாதை போடுவதிற் குறைந்த செலவு மறைந்து போய்விடுவதில்லை. அது வேறோர் இடத்தில் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றுகின்றது. அகலப்பாதைப் பெட்டி குறும்பாதையிற் செல்லாது. குறும்பாதைப் பெட்டி அகலப்பாதையிற் செல்லாது. ஆகவே, ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறவேண்டிய சரக்கு ஒவ்வொன்றும் இறக்கி ஏற்றப்பட வேண்டும். இறக்கி ஏற்றுவது யார்? இயந்திரமன்று, நாட்டாமையின் முதுகே அதனைச் செய்தது. தண்டவாளத்தில் மிச்சம்பிடித்த இரும்பு மனிதனின் முள்ளந்தண்டில் ஏற்றப்பட்டது. குடியேற்ற நாட்டிலே கூலி மலிவு. இரும்போ கப்பலில் வரவேண்டிய பொருள். ஆதலால், இரும்பைக் குறைத்து உழைப்பைக் கூட்டுவது முதலுடையவர்க்கு முற்றிலும் பொருத்தமான கணக்காகவே தோன்றியது. குறும்பாதை வரலாற்றின் திறவுகோல் இதுவே என நாம் கருதுகின்றோம்.

மெல்லிய தண்டவாளத்தின்மேற் கனத்த இயந்திரம்

பாதை குறுகியது என்பதற்காகச் சுமை குறையவில்லை. 1910ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் இறப்பர் விலை முன்னெப்போதும் கண்டிராத உயரத்துக்கு ஏறியது. காடுகள் வெட்டப்பட்டு இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. கொழும்பை நோக்கி இறப்பரும் தேயிலைப் பெட்டிகளும் இறங்கின. தோட்டங்களை நோக்கி அரிசியும் கருவாடும் உரமும் ஏறின. இவ்விரண்டாவது ஓட்டத்தை வாசகர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளி உண்ணும் அரிசி அவன் வாழ்ந்த பள்ளத்தாக்கில் விளைந்ததன்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி அது. ஏற்றுமதிக்காக மட்டும் நிலத்தைப் பயிரிடும் பொருளாதாரத்தில், உழைப்பவனின் சோறுகூட இறக்குமதிச் சரக்காகிப் புகையிரதத்தில் ஏறுகின்றது.

இச்சுமைகளை இழுக்கும் இயந்திரத்தை அமைப்பது எளிதான காரியமன்று. நீராவி இயந்திரத்தின் இழுவை, அதன் உந்து சக்கரங்கள் தண்டவாளத்தை எவ்வளவு அழுத்திப் பிடிக்கின்றன என்பதைப் பொறுத்தது. கனமில்லாத இயந்திரத்தின் சக்கரம் ஏற்றத்தில் வழுக்கிச் சுழலும். கனத்தைக் கூட்டினாலோ மெல்லிய தண்டவாளம் வளையும். வளைவுகளிலே நீண்ட இயந்திரம் திரும்பமாட்டாது தடம்புரளும். கனமாகவும் இருக்கவேண்டும், கனமாக அழுத்தவும் கூடாது. நீளமாகவும் இருக்கவேண்டும், கூரிய வளைவிலே திரும்பவும் வேண்டும். இம்முரண்பாட்டுக்குக் களனிப் பாதையிற் கண்ட விடை 4-6-4 என்னும் சக்கர அமைப்பாகும்.

இதன் பொருள் யாது? நடுவிலே ஆறு உந்து சக்கரங்கள். முன்னே நான்கு, பின்னே நான்கு சிறு சக்கரங்கள். முன்னும் பின்னும் உள்ள இச்சிறு சக்கரத் தொகுதிகள் தம்மளவில் திரும்பக்கூடியவை. அவை இயந்திரத்தின் கனத்தை ஏழு அச்சுக்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததோடு, வளைவிலே வழிகாட்டவும் செய்தன. இரு முனையிலும் ஒரே அமைப்பு இருந்தமையால், பின்னோக்கி ஓடும்போதும் இயந்திரம் தடுமாறுவதில்லை. தனியாக ஒரு நிலக்கரி வண்டியை இழுத்துச் செல்லாது, நீரையும் கரியையும் தன் உடலிலேயே சுமந்து செல்வது இவ்வகை இயந்திரத்தின் இயல்பு. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. நீரின் பாரமும் சக்கரத்தின் பிடிக்கு உதவுகின்றது என்பது நன்மை. வழியிலே நீர் குறையக் குறையப் பாரமும், அதனோடு பிடியும் குறைகின்றன என்பது தீமை. ஆகவே, பயணத்தின் முடிவிலே ஏற்றம் வருமாயின், களைத்த மனிதனைப் போலவே இயந்திரமும் தடுமாறும். மழை பெய்து தண்டவாளம் நனைந்திருக்கும்போது சக்கரத்தின் முன் மணல் தூவுவர். களனிப் பள்ளத்தாக்கோ மழைக்குப் பேர்போனது.

இவ்வகுப்பைச் சேர்ந்த 220ஆம் எண் இயந்திரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் தொழிற்சாலையிற் கட்டப்பட்டது; அது இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது.

சுமை மேலும் பெருகியபோது உலகின் பல பகுதிகளிலே பொறியியலாளர் வேறொரு வழியை நாடினர். ஹேர்பேர்ட் வில்லியம் காரட் என்பவர் 1907ஆம் ஆண்டு உரிமை பெற்ற அமைப்பு அது. கொதிகலனை நடுவே ஒரு பாலம்போலத் தொங்கவிட்டு, அதன் முன்னும் பின்னும் தனித்தனியே சக்கரங்களும் உருளைகளும் கொண்ட இரு தொகுதிகளை இணைத்தார் அவர். இரண்டு இயந்திரங்களின் வலுவை ஒரே இயந்திரம் பெற்றது. பாரமும் நீளமான பாதையிற் பரவியது. கொதிகலனின் கீழே சக்கரங்கள் இல்லாமையால் அடுப்பை அகலமாகவும் ஆழமாகவும் அமைக்க முடிந்தது. இவ்வகையின் முதல் இயந்திரம் 1909ஆம் ஆண்டில் தஸ்மேனியாவின் குறும்பாதை ஒன்றுக்காகவே மான்செஸ்டரின் பேயர் பீகொக் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் தென்னாபிரிக்காவில் வெறும் 610 மில்லிமீற்றர் அகலப் பாதைகளிலே, 1937 முதல், இவ்வமைப்புடைய பாரிய சரக்கு இயந்திரங்கள் கரும்பையும் மரத்தையும் பழங்களையும் இழுத்தன. இலங்கையின் அகலப்பாதைக்கு 1927இல் ஒன்றும், 1945இல் எட்டுமாகக் காரட் இயந்திரங்கள் வந்தன. கடுகண்ணாவை ஏற்றத்திலே 44 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவை வெல்வதற்கு இத்தகைய வலு வேண்டியிருந்தது. களனிப் பாதைக்கும் 1920களின் முடிவிலே இவ்வகை இயந்திரமொன்று வந்தது.

தஸ்மேனியாவிலே தாதுப்பொருள், நேற்றாலிலே கரும்பு, களனியிலே இறப்பர்: பொருள்கள் வேறு, முறை ஒன்றே. பாதை குறுகிக்கொண்டும் இயந்திரம் பெருத்துக்கொண்டும் போன இவ்விடங்கள் யாவும் மூலப்பொருளைத் துறைமுகத்துக்கு அனுப்பும் நாடுகள். தண்டவாளத்துக்குச் செலவிடாது, இயந்திரத்தின் திறமையாலும் தொழிலாளியின் உழைப்பாலும் அதனை ஈடுசெய்தல் என்னும் ஒரே கொள்கை எங்கும் நிலவியதை இங்கு நாம் காண்கின்றோம்.

கரியும் கையும்

இலங்கையில் நிலக்கரி கிடையாது. இயந்திரங்களை ஓட்டிய கரி பெரும்பாலும் வங்காளத்திலிருந்து கப்பலில் வந்தது. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி 1885இல் நிறைவுற்ற பின்னர், கீழைக்கடற் கப்பல்கள் கரி ஏற்றிக்கொள்ளும் முக்கிய இடங்களுள் ஒன்றாகக் கொழும்பு வளர்ந்தது. வங்காளத்துச் சுரங்கத்திற் கரியை வெட்டியவன், கப்பலிலிருந்து அதனைக் கூடையிற் சுமந்து இறக்கியவன், இயந்திரத்தின் அடுப்பில் அதனை வாரி இட்டவன் என மூவரும் ஒருவரையொருவர் காணாதவர். மூன்று மொழி பேசியிருக்கக் கூடியவர். ஆயினும் ஒரே கரித்தூள் மூவரின் நெஞ்சிலும் படிந்தது. கொட்டாஞ்சேனையையும் அதன் அயலையும் சுற்றித் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகியமைக்குப் பின்னால் இந்தக் கரியின் வரலாறும் உண்டு.

பயர்மனின் வேலையைச் சற்று விரிவாக நோக்குவோம். வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்டப்படல் வேண்டும். குளிர்ந்த கொதிகலன் மெதுவாகவே சூடேறும். அவசரப்பட்டால் இரும்பு வெடிக்கும். வண்டி ஓடத் தொடங்கியபின் கரியைக் கண்டபடி வாரி எறிதல் முடியாது. அடுப்பின் எந்த மூலையில் நெருப்பு மெலிந்துள்ளது என்பதைக் கண்ணாற் கண்டு, அவ்விடத்திலே மெல்லிய படையாகப் பரப்பவேண்டும். ஏற்றம் வருமுன்பே நீராவியைச் சேர்த்து வைக்கவேண்டும். ஏற்றத்தில் நின்றுகொண்டு கரி போடத் தொடங்குபவன் தோற்றுவிடுவான். ஆகவே, பாதையின் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு சரிவும் அவன் உடம்பிலே பதிந்திருக்கவேண்டும். கொதிகலனில் நீர் குறைந்துவிட்டாற் பேராபத்து. ஆதலால், நீர்மட்டக் கண்ணாடியின்மேல் ஒரு கண் எப்போதும் இருந்தாகவேண்டும். இந்தியக் கரியிற் சாம்பல் மிகுதி. அது உருகிக் கட்டியாகி அடுப்பின் கம்பிகளை அடைத்துவிடும். நீண்ட இரும்புக் கோலினால் அதனை உடைத்து இழுத்து வெளியேற்றுவதும் அவன் பொறுப்பே.

குறும்பாதை இயந்திரத்திலே இவ்வேலைக்குக் கிடைக்கும் இடமும் குறுகியதே. பாதையின் அகலத்துக்கேற்ப எல்லாம் சுருங்கின. மனிதனின் தோளும் முழங்கையும் மட்டும் சுருங்கவில்லை. முன்னாலே நெருப்பு, மேலே வெயில் காயும் தகடு, பக்கத்திலே கரித்தொட்டி. இதனிடையே குனிந்தும் நிமிர்ந்தும் பல மணி நேரம் உழைத்தவனைக் கல்வியறிவில்லாத கூலி என்று கருதியவர்கள் உண்டு. உண்மையில் அவன் வெப்பவியலைக் கையால் அறிந்தவன். கிளீனராகச் சேர்ந்து, பயர்மனாகி, பல ஆண்டுகளின் பின் சாரதியாவது இத்தொழிலின் படிமுறை. ஆனால் அப்படியும் எல்லார்க்கும் சமமாக இருக்கவில்லை. தொடக்க காலத்திலே சாரதிகளாய் இருந்தோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் பறங்கியருமே. சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் கரி வாரும் இடத்திலும், பட்டறையிலும், பாதையில் கட்டை மாற்றும் இடத்திலும் நின்றனர்.

இயந்திரம் பற்றிய ஏடுகளிலே அதனைக் கட்டிய கம்பெனியின் பெயர், கட்டிய ஆண்டு, எண், உருளையின் விட்டம், நீராவியின் அழுத்தம் யாவும் குறிக்கப்பட்டுள்ளன. அதில் எரிந்த கரியை வாரியவர்களின் பெயர்கள் அவ்வேடுகளில் இல்லை.

பாதையோரத்தில் எழுந்த குரல்

ஒரே பாதை இரு வகுப்பினரை உண்டாக்கியது. ஒரு முனையிலே தோட்டத் தொழிலாளி. மறுமுனையிலே நகரத் தொழிலாளி. இருவரின் வாழ்வும் ஒரே தண்டவாளத்தால் இணைக்கப்பட்டிருந்தும், அவர்கள் போராட்டங்கள் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன.

தோட்டத் தொழிலாளியை நாட்டுக்குக் கொண்டுவந்த முறையே அவனைத் தனிமைப்படுத்தியது. 1900ஆம் ஆண்டை அடுத்து ஏற்பட்ட தகரத்துண்டு முறையின்கீழ், தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்தைக் கழுத்திலே கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவன் அவன். பயணச் செலவு கடனாக அவன்மேல் எழுதப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடன், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும்போது துண்டுச் சீட்டாகத் தொடர்ந்து வந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறைக்கு முடிவு கட்டியது. புகையிரதத்தின் சரக்குப் பட்டியலிலே தேயிலைக்கும் அரிசிக்கும் இடையே, பெயரின்றி எண்ணப்பட்ட மூன்றாவது சரக்கு மனிதன் என்று சொன்னால் அது மிகையன்று.

நகரத்திலோ புகையிரதத் தொழிலாளரே தொழிற்சங்க இயக்கத்தின் முன்னணியில் நின்றனர். 1906இற் கொழும்பு வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். 1912இலும் 1920இலும் புகையிரதத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தம் புகையிரதப் பட்டறையிலே தொடங்கித் துறைமுகத்துக்கும் பிற தொழில்களுக்கும் பரவி, ஏறத்தாழ 20,000 தொழிலாளரை உள்ளடக்கியது. ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கம் அதற்குத் தலைமை தாங்கியது. பத்தாண்டுகளின் பின் 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளரின் போராட்டம் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகளைத் தொழிலாளரோடு இணைத்தது. இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ள வெள்ளவத்தை ஒருகாலத்திலே ஆலைச் சங்கு ஊதிய ஊர் என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று.

இவ்விடதுசாரி இயக்கம் நகரத்திலிருந்து நாட்டுப்புறம் நோக்கிச் சென்ற வழியும் களனிப் பாதையை ஒட்டியே அமைந்தது. 1934–35இல் மலேரியா பரவி, கேகாலை மாவட்டம் முதலிய பகுதிகளிலே பல்லாயிரவரைக் கொன்றது. உலகப் பொருளாதார நெருக்கடியால் இறப்பர் விலை வீழ்ந்து, வேலையும் உணவும் குன்றியிருந்த மக்களை அந்நோய் இரட்டிப்பாகத் தாக்கிற்று. நிவாரணம் கொண்டு சென்றவர்களுள் என். எம். பெரேராவும் ஒருவர். அவர் பருப்புப் பகிர்ந்தளித்தமையால் மக்கள் அவரைப் 'பருப்பு மாத்தயா' என்றே அழைத்தனர். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் அவர் ருவன்வெல்லையிலும், பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றி பெற்றனர். லங்கா சமசமாஜக் கட்சி சபைக்கு அனுப்பிய முதல் இருவரும் இக்குறும்பாதை ஓடிய பள்ளத்தாக்கின் தொகுதிகளிலிருந்தே சென்றனர். இது தற்செயல் என்று தள்ளிவிடத்தக்கதன்று. துரைமார் சரக்குக்காகத் திறந்த வாயில் வழியே கருத்தும் புகுந்தது.

கூட்டும் பிளவும்

எனினும், தொழிலாளர் இயக்கத்தின் வெற்றிகளை மட்டும் எண்ணி நாம் மகிழ்வோமாயின் வரலாற்றுக்கு உண்மையாயிருந்தோர் ஆகமாட்டோம். 1930களின் நெருக்கடியிலே வேலையின்மை பெருகியபோது, 1923இல் தொழிலாளரை ஒன்றுசேர்த்த அதே குணசிங்க மலையாளத் தொழிலாளர்க்கு எதிரான பிரசாரத்தை மேற்கொண்டார். பசியின் காரணம் உற்பத்தி முறையிலே தேடப்படாது, பக்கத்திலே வேலை செய்பவனின் மொழியிலே தேடப்பட்டது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலே நாட்கூலிகளாய் இருந்த இந்தியத் தொழிலாளரை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. இது குறித்துப் பேச அவ்வாண்டு யூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்பு வந்தார். இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியதும் அம்மாதத்திலேயே.

இதற்கு மாறான ஒரு நாளும் உண்டு. 1947இல் அரசாங்க ஊழியரும் தொழிலாளரும் ஒன்றுசேர்ந்து நடத்திய பொது வேலைநிறுத்தத்தின்போது, யூன் 5ஆம் நாள், புகையிரத இயந்திரக் கொட்டகையிருந்த தெமட்டகொடைப் பகுதியிலே ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டனர். அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி உயிர்நீத்தார். அவர் சார்ந்திருந்த அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் அன்றைய தலைவர் டி. பி. இலங்கரத்ன, வேலைநிறுத்தத்தின் பொருட்டு அவர் பதவி நீக்கப்பட்டார். தமிழ் எழுதுவினைஞன் ஒருவன் வீதியிலே வீழ்ந்தான். சிங்களத் தலைவர் ஒருவர் வேலையை இழந்தார். இருவரும் கேட்டது ஒரே கோரிக்கையைத்தான். மேசையில் எழுதுபவனும் பட்டறையிற் சம்மட்டி அடிப்பவனும் அன்று ஒரே அணியில் நின்றனர்.

அந்த ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்து, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதாக ஒத்திவைத்தது. மனிதரைத் தொகைப்படுத்திப் பங்கிடும் இக்கணக்கும், ஓர் அச்சுக்கு இத்தனை தொன் எனப் பாரத்தைப் பங்கிட்ட அக்கணக்கும் நம் மனத்திலே அருகருகே நிற்கின்றன. ஆனால் தண்டவாளம் எவ்வளவு தாங்கும் என்று பொறியியலாளர் முன்கூட்டியே அளந்து பார்த்தனர். மனிதன் எவ்வளவு தாங்குவான் என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

பாதையின் பின்னாள்

குறும்பாதையின் வாழ்வும் மெல்ல மெல்லச் சுருங்கியது. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குச் சென்ற பகுதி 1942இல், உலகப் போரின் நடுவே, பெயர்த்தெடுக்கப்பட்டது. இராகலைப் பாதை 1948இல் மூடப்பட்டது. லொறி தோட்டத்துத் தொழிற்சாலை வாசலுக்கே வந்தது. இடையிலே இறக்கி ஏற்றும் தேவை அதற்கு இல்லை. அகலம் மாறும் இடத்தில் நாட்டாமையின் முதுகிற் போடப்பட்ட செலவு, போட்டியென்று ஒன்று வந்தபோது பாதையையே வீழ்த்தும் பலவீனமாயிற்று. தொடக்கத்திற் செய்த சிக்கனத்தின் விலையைப் பாதை இறுதியிலே கொடுத்தது.

1950களிலே பி. டி. ரம்பலாவின் காலத்தில் டீசல் இயந்திரங்கள் புகுந்தன. 1960களின் முடிவளவில் நீராவி வழக்கொழிந்தது. பயர்மனின் தொழிலும் அதனோடு மறைந்தது. நெருப்பின் முன் நின்று உடல் வாடிய தொழில் மறைந்ததற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. உழைப்பின் கடுமையைக் குறைக்கும் இயந்திரத்தை முற்போக்காளர் என்றும் வரவேற்கவே செய்வர். 1970களில் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்க நோக்கிச் சென்ற பாதை இலாபமற்றது என்று கைவிடப்பட்டது. 1991 முதல் கட்டங்கட்டமாக அவிசாவளைவரை பாதை அகலமாக்கப்பட்டு, 1990களின் நடுப்பகுதியோடு குறும்பாதை முற்றாக வரலாறாயிற்று.

தேயிலைக்கும் இறப்பருக்கும் போடப்பட்ட பாதையிலே இன்று செல்வோர், காலையிற் கொழும்புக்கு வேலைக்கு வந்து மாலையில் வீடு திரும்பும் சாதாரண மக்கள். தோட்டத்துரைமாரின் பாதையை மக்கள் தமதாக்கிக்கொண்டனர் என்று ஒருவகையிற் சொல்லலாம். ஆயினும் பாதையைத் திருத்தும் திட்டங்கள் வரும்போதெல்லாம், அதன் ஓரத்திலே குடிசை கட்டி வாழும் ஏழைகளின் இருப்பிடம் கேள்விக்குள்ளாகின்றது. ஒரு முன்னேற்றத்தின் செலவை யார் கொடுப்பது என்ற பழைய கேள்வி புதிய உருவிலே நம் முன் நிற்கின்றது.

பாதுகாக்கப்பட்ட இயந்திரங்களைப் பார்ப்பதிலே நமக்கும் மகிழ்ச்சியுண்டு. மெல்லிய தண்டவாளத்தின்மேற் கனத்த சுமையை இழுக்க மனித அறிவு கண்ட வழி வியக்கத்தக்கதே. நாம் வேண்டுவது அவ்வியப்பு முழுமையடைய வேண்டும் என்பதே. இயந்திரத்தின் எண்ணையும் கட்டியவரின் பெயரையும் பொறிக்கும் பலகையிலே, கரி சுமந்தவனுக்கும், அடுப்பிற் கரி இட்டவனுக்கும், கட்டை மாற்றியவனுக்கும், சுமை இறக்கி ஏற்றியவனுக்கும் இரண்டு வரி இடம் வேண்டும். மூத்த புகையிரதத் தொழிலாளர் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் தந்தையரின் நினைவுகளும், எட்டியாந்தோட்டை, அவிசாவளை லயங்களில் வழங்கும் 'கோச்சி'க் கதைகளும் எழுதப்படாமலே கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வரலாற்று மாணவர்க்கும், எழுத்தாளர்க்கும், தொழிற்சங்கத்தார்க்கும் உரிய கடமை. குறும்பாதையிலே பெருஞ்சுமையை உண்மையில் இழுத்தவர் யார் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கின்றது.